ஊர் பழக்கும் பிள்ளை

திருமங்கலம் பேருந்து நிலையத்துக்கு வெளியே காலை ஆறு மணிக்குக் கொஞ்ச நேரம் நின்றால் போதும், ஊரின் அடுப்படிகளைப் பற்றிப் பாதி விளங்கிவிடும். கப்பலூர் தொழிற்பேட்டைக்கும் விருதுநகர் சாலை ஆலைகளுக்கும் ஆளேற்றிப் போகிற வேன்கள் வந்து நிற்கும். ஈரத் தலையை முடிந்தபடி, கையில் தூக்குவாளியோடு பெண்கள் ஏறுவார்கள். பெரும்பாலும் பிள்ளை பெற்றவர்கள். பிள்ளை அந்நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும். ஏழரைக்கு அப்பத்தா எழுப்பி, ஒரு டம்ளர் காப்பியில் பன்னை முக்கிக் கொடுத்து, சட்டையை மாட்டி அனுப்பிவைப்பாள். அப்பத்தா இல்லாத வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கிற அக்கா அந்த வேலையைச் செய்வாள். பல காலம் மத்தியானச் சத்துணவு வரைக்கும் அந்தக் காப்பிதான் பிள்ளையைத் தாங்கியது.

அந்த வேன் கிளம்பிப் போகும்போது பின்னால் நின்றுகொண்டு, பிள்ளைகளுக்கு நல்ல பழக்கங்களை எப்படி ஊட்டி வளர்ப்பது என்று கேட்டுப் பாருங்கள். கேட்பவருக்கே கூச்சமாக இருக்கும். ஆனால் வார இதழ்களின் குடும்பப் பக்கங்களும், பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்து பொன்னாடை வாங்கிக்கொள்ளும் மருத்துவர்களும் விடாமல் கேட்பது இதைத்தான். பதிலும் அவர்களிடமே இருக்கிறது. காலையில் முளைகட்டிய பயறு கொடுங்கள், கூடவே உட்கார்ந்து சாப்பிடுங்கள், போனைக் கையில் கொடுக்காதீர்கள், ஒன்பது மணிக்குப் படுக்க வையுங்கள். ஒன்றும் தப்பில்லை, எல்லாம் உண்மை. எல்லாமே ஒருத்தியின் தலையில்தான் விழுகிறது.

பழக்கம் அறிவுரையாகப் பிள்ளையின் காதுவழி இறங்கி நான் பார்த்ததில்லை. எந்த வேளைக்குச் சோறு வருகிறது, பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், பள்ளி வாசல் கடையில் என்ன தொங்குகிறது, ஓடுவதற்கு இடம் எங்கே இருக்கிறது, இதையெல்லாம் பெரியவர்கள் ஏற்பாடு செய்துவைக்கிறார்கள், அல்லது ஏற்பாடு செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். பிள்ளை அதற்குள் வாழ்ந்து பழகிக்கொள்கிறது. அப்புறம் அந்தப் பழக்கத்துக்குப் பிள்ளையின் பெயரை வைத்து, “இவன் காயே தொடமாட்டான்” என்கிறோம்.

2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரை நெல்பேட்டை பக்கம் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் முதல்வர் மு.க. ஸ்டாலின் பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டு, அவர்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். காலை உணவுத் திட்டம் அன்றுதான் தொடங்கியது. முதல் கட்டமாக 1,545 பள்ளிகள், 1,14,095 பிள்ளைகள், 33.56 கோடி ரூபாய். மறு ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் தேதி திருக்குவளையில் வைத்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரித்தார்கள். 31,008 பள்ளிகள் என்று கணக்கு வந்தது. பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளும் சேர்ந்தன. ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைக்கு அரிசியோ ரவையோ சேமியாவோ ஐம்பது கிராம், சாம்பாருக்குப் பதினைந்து கிராம் பருப்பு, அன்றைக்குக் கிடைக்கிற காய். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று மாறி மாறி வரும். உப்புமாவைக் கண்டால் முகம் சுளிப்பது நம்முடைய தேசிய குணம் என்பதால் கேலியும் கூடவே வந்தது. அதே 2023 ஆகஸ்டின் கடைசியில் ஒரு நாளிதழின் பதிப்பொன்று, பிள்ளைகள் இரண்டு வேளை சாப்பிடுவதால் பள்ளிக் கக்கூஸ் நிரம்பி வழிகிறது என்கிற பொருளில் முதல் பக்கத்தில் செய்தி போட்டுக் கண்டனம் வாங்கிக் கட்டிக்கொண்டது. அந்த இளக்காரத்துக்குள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. சமைக்கிற பெண் அந்த ஊர் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். அவருடைய பிள்ளையும் அதே பள்ளியில் படிக்க வேண்டும். இதைவிடக் கறாரான தரக் கட்டுப்பாட்டை எந்த அதிகாரியாலும் எழுதியிருக்க முடியாது. திருமங்கலத்தைச் சுற்றியுள்ள கிராமப் பள்ளிகளில் அடுப்பு பள்ளியிலேயே எரிகிறது. விடியும்போதே தாளிக்கிற வாசம் தெருவுக்கு வந்துவிடும். எட்டேகால் வாக்கில் பிள்ளைகள் கை கழுவ வரிசையில் நிற்கிறார்கள். சோப்புப் போட்டுக் கை கழுவு என்று பாடப்புத்தகத்தில் படம் போட்டுச் சொன்னது நடக்கவில்லை. தட்டும் குழாயும் வரிசையும் வந்த பிறகு நடக்கிறது. வீட்டில் கேரட்டை ஒதுக்கி வைக்கிற பயல் இங்கே பக்கத்தில் இருப்பவன் தின்பதைப் பார்த்துத் தானும் தின்றுவிடுகிறான். லீன் பிர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொன்னது. ஒரு காய் பிடிக்காத மழலையை, அந்தக் காயை விரும்பித் தின்கிற பிள்ளைகளோடு சில நாள் உட்காரவைத்தார். பிடிக்காததை அது தானாகவே எடுக்கத் தொடங்கியது. கெஞ்சலும் மிரட்டலும் தேவைப்படவில்லை.

காலைச் சாப்பாட்டையும் அரசே போட்டுவிட்டால் தாய்மார்கள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்று ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியர் என்னிடம் குறைப்பட்டார். ஆறு மணி வேனில் ஏறுகிறவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல அவருக்கு எப்படி வாய் வந்ததோ தெரியவில்லை. இந்த நாட்டில் பிள்ளைக்குப் பள்ளியில் சோறு போடுவதை ஒவ்வொரு முறையும் யாராவது எதிர்த்திருக்கிறார்கள். 1920இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில், பிட்டி தியாகராயர் காலத்தில், பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி என்று ஆரம்பித்தது. 1956இல் எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவைத் தொடங்கினார். 1982 ஜூலை முதல் தேதி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது பொருளாதாரம் படித்தவர்கள் பலர் தலையில் கை வைத்தார்கள். கருணாநிதி காலத்தில் முட்டை வந்தது. 2010இல் பள்ளி நாள் ஐந்திலும் முட்டை என்றாயிற்று. கட்சிகள் ஒன்றை ஒன்று தின்னப் பார்க்கிற மாநிலத்தில், ஒருவர் வைத்த அடுப்பை அடுத்தவர் அணைக்காமல் இன்னும் ஒரு விறகைச் செருகிவிட்டுப் போனது பெரிய விஷயம்தான். இதைப் போதுமான அளவு நாம் வியக்கவில்லை.

ஆனால் எட்டயபுரம் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2023 செப்டம்பரில், காமராஜர் மதிய உணவு தொடங்கிய அதே எட்டயபுரத்துக்கு அருகில், உசிலம்பட்டி என்கிற கிராமத்தில் (நம்ம உசிலம்பட்டி இல்லை, தூத்துக்குடி மாவட்டத்து உசிலம்பட்டி) காலை உணவைப் பல பிள்ளைகள் தொடவில்லை. சமைத்த பெண் தலித். பெற்றோர் தடுத்தார்கள். கனிமொழி எம்.பி. நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு நிலைமை மாறியது. சத்தான உணவு, நேரத்துக்கு உணவு, காய்கறி உணவு என்று நாம் அடுக்குகிற பட்டியலில், யார் கையால் உணவு என்பது இல்லவே இல்லை. பிள்ளை எந்தத் தட்டை மறுக்க வேண்டும் என்பதை அதன் நாக்கு சொல்லிக்கொடுப்பதில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது என்றால், வீட்டில் யாரோ பொறுமையாக, தினமும், மனப்பாடம் ஆகும்வரை சொல்லியிருக்கிறார்கள். பெற்றோருக்குப் பழக்கம் கற்றுக்கொடுக்கத் தெரியாது என்று யார் சொன்னது?

சாப்பிட்ட தட்டை யார் கழுவுவது, தரையை யார் கூட்டுவது என்ற கேள்வியும் இதன் பக்கத்தில்தான் நிற்கிறது. ஜப்பானியப் பள்ளிகளில் பிள்ளைகளே வெள்ளை மேலங்கி மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் பரிமாறுவதையும், சாப்பிட்ட பின் துடைத்துச் சுத்தம் செய்வதையும் காட்டும் காணொளிகள் நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. 1954இலேயே பள்ளி உணவுக்குச் சட்டம் போட்டவர்கள். 2005இல் உணவுக் கல்விக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தவர்கள். பார்த்துவிட்டு, “நம்ம பிள்ளைகளும் இருக்கே” என்று பெருமூச்சு விடுகிறோம். நம்மிடம் இது இல்லாமல் போகவில்லை. 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியில் சமையலும் துப்புரவும் தோட்டமும் பாடத்துக்குள்ளேயே இருந்தன. அதைச் சேவாகிராமில் நடத்திக் காட்டியவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரரான ஆரியநாயகம். ஏன் அது ஒட்டவில்லை என்பதற்கு நீளமான காரணங்கள் உண்டு. எனக்குத் தெரிந்த குட்டையான காரணம் ஒன்று: ஜப்பானில் எல்லாப் பிள்ளையும் துடைக்கிறது, இங்கே எந்தப் பிள்ளை என்று பொறுக்கி எடுப்பார்கள். 2022இல் ஈரோடு மாவட்டத்தில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவவைத்ததற்காக ஒரு தலைமையாசிரியை கைதானார். அப்படிப்பட்ட ஊரில், “பிள்ளைகளே சுத்தம் செய்யட்டும், நல்ல பழக்கம்தானே” என்று சொல்வதற்கு முன்னால் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வார்தாவின் ஆதாரக் கல்விக் குழுவில் இருந்த இன்னொருவர் நமக்கு இன்னும் பக்கம். திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் சாலையில் போனால் தே.கல்லுப்பட்டி. அங்கே ஜி. வேங்கடாசலபதி 1940இல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கிறது. ஜே.சி. குமரப்பா தன் கடைசி ஆண்டுகளை அங்கேதான் கழித்தார். 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்காயர் ஆனவர். நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர். 1929இல் காந்தியைச் சந்தித்த பிறகு கதருக்கு மாறியவர். 1934இல் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியபோது அதன் செயலாளர். 1960 ஜனவரி 30, காந்தி இறந்த அதே தேதியில் காலமானார். இந்தக் கணக்காயர் தன் வாழ்நாளில் நிறைய மை செலவழித்த விஷயங்களில் ஒன்று தவிடு.

ஆலையில் தீட்டிய அரிசி வெள்ளையாக இருக்கிறது, கெடாமல் இருக்கிறது, வேகமாக வேகிறது. சத்து தவிட்டோடு மாட்டுக்குப் போய்விடுகிறது. இது அப்போது வெறும் நம்பிக்கையாக இருக்கவில்லை. ஜாவாவில் எய்க்மன் என்ற மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதை 1890களிலேயே கண்டு சொல்லியிருந்தார். நம்ம குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர், இந்தியாவின் வெவ்வேறு வட்டார மக்கள் சாப்பிடும் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காயும் தின்ற பஞ்சாபிச் சாப்பாட்டு எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. கடைசி இடத்தில் நின்றவை சென்னை மாகாணத்து ஏழையின் தீட்டிய அரிசிச் சாப்பாடு தின்ற எலிகள். அந்தக் குன்னூர் ஆய்வுக்கூடம்தான் பின்னால் ஹைதராபாத் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. குமரப்பா இதோடு ஒரு வரியைக் கூட்டினார்: தவிட்டோடு கைக்குத்தல் வேலையும், அந்த வேலை செய்த பெண்ணின் கூலியும் ஊரை விட்டுப் போகிறது. உடம்புக் கணக்கையும் ஊர்க் கணக்கையும் ஒரே பேரேட்டில் எழுதியவர் அவர்.

அந்தப் பேரேட்டை இன்று கல்லுப்பட்டி, பேரையூர் பக்கம் விரித்தால் விசித்திரமான பதிவுகள் கிடைக்கும். இது குதிரைவாலி மண். வடகிழக்குப் பருவமழையை நம்பி மானாவாரியாகப் புரட்டாசி வாக்கில் விதைத்தால் மூன்று மாதத்தில் அறுப்பு. மதுரையைச் சேர்ந்த தானம் அறக்கட்டளை சிறுதானியங்களுக்காக வேலை செய்த வட்டாரங்களில் பேரையூரும் ஒன்று. ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததோடு, குதிரைவாலி சென்னை அண்ணா நகர் அங்காடிகளில் கண்ணாடி டப்பாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதை விளைவித்த வீட்டில் ரேஷன் அரிசி வேகிறது. டப்பாவுக்குள் இருப்பதும் நன்றாகத் தீட்டி வெள்ளையாக்கப்பட்டது, தவிடு போனதுதான். குமரப்பா அரிசியைப் பார்த்துக் கேட்டதை இப்போது குதிரைவாலியைப் பார்த்தும் கேட்கலாம்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு பாட்டி வந்து, அந்தக் காலத்தில் நாங்கள் கம்மங்கூழும் கேப்பைக் களியும் தின்று எப்படி இருந்தோம் தெரியுமா என்று சொல்ல வேண்டும். நான் பேசிய அப்பத்தா அப்படிச் சொல்லவில்லை. “குதிரவாலியா? அதக் குத்திக் குத்தித்தான் தம்பி இந்தத் தோள்பட்டை போச்சு. விடியக்காலம் நாலு மணிக்கு ஒலக்கையப் பிடிச்சா, வெயில் ஏறுற வரைக்கும் குத்தணும், பொடைக்கணும். பிள்ளைக்கு முடியலன்னாலும் பாக்க நேரமிருக்காது. ரேசன் அரிசி வந்தப்பறந்தேன் நான் படுத்துத் தூங்குனேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். பாரம்பரிய உணவுக்குத் திரும்புவோம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் கையில் ஆளுக்கு ஓர் உலக்கையைக் கொடுத்துவிட்டு அப்புறம் பேச விட வேண்டும். 2011 முதல் விலையில்லாமல் கிடைக்கிற அரிசி கரிசல் காட்டுப் பெண்ணின் தோளுக்கு ஓய்வு கொடுத்தது, பசியைத் துரத்தியது, கூடவே தட்டை முழு வெள்ளையாக்கவும் செய்தது. மூன்றும் ஒரே நேரத்தில் உண்மை. கிராமத்துக்கு ஒரு நல்ல உமி நீக்கும் இயந்திரம், தவிடு போகாமல் அரைக்கத் தெரிந்த ஒரு மில், காலை உணவுக்கு உள்ளூர்க் குதிரைவாலியை உள்ளூர் விலைக்கு வாங்குகிற ஏற்பாடு என்று வந்தால் கல்லுப்பட்டிப் பிள்ளை குதிரைவாலிப் பொங்கல் தின்னும். பிரச்சாரப் பதாகையால் தின்னாது.

பள்ளி வாசலுக்கு வருவோம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி, பள்ளி வாசலிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்கிறது. ஐம்பது மீட்டர் என்றால் ஒரு பிள்ளை மூச்சு வாங்காமல் ஓடும் தூரம். சரி, அந்த ஐம்பது மீட்டருக்காவது விதி நடக்கிறதா என்றால், நீங்கள் உங்கள் ஊர்ப் பள்ளி வாசலில் நின்று பார்த்துக்கொள்ளலாம். பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குகிற பாக்கெட்டுகள் எல்லாம் ஐந்து ரூபாய். விலைவாசி எவ்வளவு ஏறினாலும் அந்த ஐந்து ரூபாய் ஏறாது. உள்ளே இருப்பதுதான் இளைக்கும். ஏன் என்றால், வேலைக்குப் போகிற தாய் மனசு கேட்காமல் பிள்ளை கையில் வைத்துவிட்டுப் போவது ஐந்து ரூபாய்க் காசு. கம்பெனிக்காரர்கள் நம் வீட்டுக் குற்ற உணர்வை நம்மைவிட நன்றாக அளந்துவைத்திருக்கிறார்கள்.

முன்பு அந்த வாசலில் சாக்கை விரித்து ஓர் ஆச்சி உட்கார்ந்திருப்பார். இலந்தைப்பழம், நெல்லிக்காய், கொடுக்காப்புளி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிய மாங்காய்க் கீற்று, பருவத்துக்குப் பனங்கிழங்கு. கூடவே கமர்கட்டும் தேன்மிட்டாயும் இருக்கும். ஆச்சி ஒன்றும் ஊட்டச்சத்து நிபுணர் கிடையாது. ஆனால் அவர் விற்றதில் பாதி அந்த வட்டாரத்து மரத்திலிருந்து வந்தது, பருவம் முடிந்தால் தானாகத் தீர்ந்துபோகும். ஈ மொய்க்கிறது என்று ஆச்சியை விரட்டிய நாம், ஈ நுழைய முடியாத பாக்கெட்டை வரவேற்றோம். சிலி நாட்டில் 2016இல் ஒரு சட்டம் வந்தது. சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டத்தின் முகத்தில் கறுப்பு முத்திரை. பள்ளிக்குள் விற்பனை இல்லை. பிள்ளைகளை மயக்கும் பொம்மைப் படம் உறையில் கூடாது. உறையில் இருந்த கார்ட்டூன் புலியைச் சட்டம் போட்டு இறக்கினார்கள். அங்கே யாரும் தாய்மாரைக் கூப்பிட்டு, பிள்ளைக்குப் புலியைப் பற்றி எடுத்துச் சொல்லுங்கள் என்று வகுப்பெடுத்து நிறுத்திக்கொள்ளவில்லை.

ஓடியாடுவது பற்றி. ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை தினமும் சராசரியாக ஒரு மணி நேரமாவது மூச்சிரைக்க விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. எங்கள் தலைமுறைக்கு இதை யாராவது சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம்தானா என்று கேட்டிருப்போம். கோடையில் வற்றிய கண்மாய்தான் மைதானம். கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தள்ளிவிட்டு நீச்சல் பழக்கினார்கள். பழக்கியவர் உடற்பயிற்சி என்று நினைத்துச் செய்யவில்லை. இப்போது பல கண்மாய்களில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. தெரு முழுக்க இருசக்கர வண்டி. ஆறு மணிக்கு மேல் டியூஷன். போனைப் பிடுங்கிவிட்டால் பிள்ளை தானாக விளையாடப் போய்விடும் என்பது எங்கே போகும் என்று யோசிக்காதவர்களின் நம்பிக்கை. இன்னொன்று, எங்கள் கண்மாயில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று நினைத்துப் பார்த்தால் அந்தப் பொற்காலம் பாதிப் பொற்காலம்தான். பாண்டியும் தட்டாங்கல்லும் அவர்களுக்கு. அதுவும் வயதுக்கு வரும் வரை. பிறகு உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான்.

அவர்களை எழுப்பி விட்டது சைக்கிள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிள் ஏற்றிவிட்டது. 2001-02இல் அரசு ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் விரித்தது. நோக்கம் பள்ளிக்கு வர வைப்பது. ஆனால் சுற்றுப்பட்டிகளிலிருந்து திருமங்கலம் மேல்நிலைப் பள்ளிகளுக்குக் கூட்டம் கூட்டமாகப் பேசிச் சிரித்துக்கொண்டு மிதித்து வந்த பெண் பிள்ளைகளைப் பார்த்தபோது, இந்த வட்டாரத்தில் பெண்களுக்கென்று நடந்த மிகப் பெரிய உடற்பயிற்சித் திட்டம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. யாரும் அதற்கு அந்தப் பெயர் வைக்காததால்தான் வெற்றி பெற்றது. இன்று நான்குவழிச் சாலையில் பறக்கிற லாரிக்குப் பயந்து அப்பாக்கள் அதே பிள்ளையை வண்டியில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். பயம் நியாயமானது. சைக்கிளுக்கென்று சாலையோரத்தில் ஆறடிப் பாதை விட்டிருந்தால் அந்தப் பயம் இருந்திருக்காது. வழியில் தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கட்டுமானம் சூடு பிடிக்க ஐந்தாண்டு ஆனது. பெரிய ஆஸ்பத்திரி வேண்டும்தான். அதற்காக ஒற்றைச் செங்கல்லைத் தூக்கிக்காட்டி அரசியல் செய்ய முடிகிற நாட்டில், சைக்கிள் பாதைக்கு ஒரு கல்லைத் தூக்க ஆளில்லை.

வீட்டுக்குப் பங்கே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ராத்திரி ஒன்பதரை வரை தொடர் ஓடுகிற வீட்டில் பிள்ளை மட்டும் ஒன்பதுக்குத் தூங்காது. தகப்பன் சாப்பிடும்போது ஒரு கையில் போனை வைத்திருந்தால் பிள்ளையும் வைத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை நமக்குப் பரோட்டாவும் சால்னாவும், பிள்ளைக்கு ராகி தோசையும் என்றால், ராகி தோசை ஏதோ தண்டனை என்பதுதான் அதற்குப் போய்ச் சேரும். பெரியவர்கள் செய்வதைப் பிள்ளை செய்யும். இதற்கு மேல் வீட்டு அத்தியாயத்தில் எழுத எனக்கு ஒன்றும் இல்லை. ஒரே வெஞ்சனத்தை எல்லோரும் தின்கிற வீடுகளில் இந்தப் பிரச்சினை பாதி இருக்காது.

தண்ணீர் விஷயம் ஒன்று பாக்கி. பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதில்லை என்பது ஆசிரியர், டாக்டர், பெற்றோர் எல்லோருக்கும் பொதுவான புலம்பல். கேரளத்தில் 2019இல் பள்ளியில் தண்ணீர் மணி அடிக்கத் தொடங்கினார்கள். தமிழகத்திலும் 2025 ஜூன் கடைசியில் ஆணை வந்தது: காலை பதினொன்று, மதியம் ஒன்று, மாலை மூன்று. மணி அடித்தால் பாட்டிலைத் திறந்து குடிக்க வேண்டும். நல்ல ஏற்பாடு, நான் இதுவரை சொன்னதற்கெல்லாம் ஒத்துவருகிற ஏற்பாடு. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் அப்படியொரு கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். தண்ணீரின் அவசியம் பற்றி ஒருவர் அருமையாகப் பேசினார். சிறுநீரகம், மூளை, தோல் என்று ஒவ்வொன்றாக வந்தார். பெண் பிள்ளைகள் கொண்டுவந்த பாட்டிலை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகிறார்கள், தாய்மார்தான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று முடித்தார். வரிசையின் கடைசியில், வேனுக்குப் போகாமல் அன்று அரைநாள் லீவு போட்டு வந்திருந்த ஒரு தாய் எழுந்தார்.

“பெல் அடிக்கிறது சரி சார். பொம்பளப் பிள்ளைக கக்கூஸ் பூட்டியே கெடக்காம். சாவி யாருகிட்ட இருக்கு?”

யாரும் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு கூட்டம் முடியும் வரை சாவியைப் பற்றித்தான் பேச்சு. தண்ணீர் வரவில்லை அதனால் பூட்டினோம் என்றார்கள், மோட்டார் பழுது என்றார்கள், கழுவ ஆள் போட நிதி போதவில்லை என்றார்கள். மோட்டாருக்கு ஊராட்சியிடம் மனு எழுதுவது, அதுவரை டேங்கர் தண்ணீர் வாங்குவது, கழுவுகிறவருக்கு மாதச் சம்பளத்தை யார் தருவது என்று ஒவ்வொன்றாகத் தீர்மான நோட்டில் ஏறியது. அந்தத் தாய் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தேதியைச் சரிபார்த்தார்.